யானுஷ் கோர்ச்சாக்: இறுதி நடைக்கு முந்திய முப்பது ஆண்டுகள்

முன்னுரை

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நாஜி ஜெர்மனியாலும் அதன் கூட்டாளிகளாலும் கொல்லப்பட்ட யூதக் குழந்தைகள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் என வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். அக்குழந்தைகளோடு சேர்த்து நினைக்கப்படும் பெரியவர்களுள் முதன்மையானவர் போலந்து நாட்டு மருத்துவரும் எழுத்தாளரும் கல்வியாளருமாகிய யானுஷ் கோர்ச்சாக். 1942ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், தம் ஆதரவற்றோர் இல்லத்துக் குழந்தைகள் ஏறத்தாழ இருநூறு பேருடன் வார்சா நகரத் தெருக்களில் நடந்து சென்று தொடர்வண்டியேறித் திரெப்ளிங்காவில் அவர்களுடனேயே மாண்டார். தப்பிப்பதற்குக் கிடைத்த வாய்ப்புகளை மறுத்தார். இச்செய்தி இன்று உலகறிந்தது. சிலைகள், திரைப்படங்கள், கவிதைகள், பள்ளிப் பாடங்கள் எனப் பல வடிவங்களில் அது மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டு வருகிறது.

ஒரு செயலால் ஒரு வாழ்வு முழுமையும் அறியப்படுவது, பெரியபுராண மரபில் பழகிய தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. அடியவரின் பெயரைச் சொன்னவுடன் அவர் செய்த ஒற்றைச் செயல் நினைவுக்கு வரும். ஆயின் கோர்ச்சாக்கைப் பொறுத்தமட்டில் இவ்வகை நினைவு ஓர் இடரை விளைத்துள்ளது எனக் கருதலாம். இறுதி நடை அவருடைய வாழ்வை விழுங்கிவிட்டது. அவரோடு நடந்த குழந்தைகளையும் விழுங்கிவிட்டது. அவர்கள் பின்னணியில் வரிசையாக நடக்கும் முகமற்ற கூட்டமாகிவிட்டனர். இக்கட்டுரை அவ்வரிசையை மாற்ற முயல்கிறது. 1942ஐ வைத்து அவர் வாழ்வைப் படிக்காமல், அவர் எழுதியவற்றையும் அவர் நடத்திய இல்லத்தையும் வைத்து 1942ஐப் படித்தால் என்ன தெரியவரும் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

சொல் குறித்து ஒரு தெளிவு தேவைப்படுகிறது. தமிழில் நாஜிகளின் எல்லாவகை முகாம்களையும் வதைமுகாம் என்ற ஒரே சொல்லால் குறித்து வருகிறோம். தாக்கவ், புகென்வால்டு போன்ற இடங்களில் மனிதர் அடைத்துவைக்கப்பட்டனர், வேலை வாங்கப்பட்டனர், பசியாலும் நோயாலும் அடியாலும் இறந்தனர். திரெப்ளிங்கா அத்தகையதன்று. அங்கு வந்திறங்கியோரில் மிகப் பெரும்பாலோர் ஒருசில மணி நேரத்திற்குள் நச்சுப்புகையால் கொல்லப்பட்டனர். முகாமின் வேலைகளுக்கென ஒரு சிலரே விட்டுவைக்கப்பட்டனர். குழந்தைகளுக்கு அங்குப் படுக்கையில்லை, எண்ணில்லை, பதிவேடில்லை. ஆகவே அதனைக் கொலைமுகாம் என்றே குறிப்பது பொருந்தும். கோர்ச்சாக்கின் குழந்தைகள் பட்ட நெடுந்துன்பம் முகாமில் நிகழ்ந்ததன்று. முகாமுக்கு முன், வார்சாவின் மதிலுக்குள் நிகழ்ந்தது. இவ்வேறுபாடு பின்வரும் பகுதிகளைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

இரு பெயர்கள்

அவருடைய இயற்பெயர் ஹென்றிக் கோல்ட்ஷ்மித். பிறந்த நாள் ஜூலை 22. ஆண்டு 1878 அல்லது 1879. தந்தையார் பிறப்பைப் பதிவு செய்யாமல் காலம் தாழ்த்தியதால் ஆண்டு உறுதிப்படவில்லை என்று கோர்ச்சாக்கே பிற்காலத்தில் குறித்துள்ளார். அப்போது வார்சா இரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. பாட்டனார் மருத்துவர், தந்தையார் வழக்குரைஞர். யூத மரபில் வந்திருந்தாலும் போலந்து மொழியையும் பண்பாட்டையும் தமதாக்கிக்கொண்ட வசதியான குடும்பம். தாம் யூதர் என்பதையே சிறுவயதில் அறியாமல் வளர்ந்தார் எனலாம். அவர் வளர்த்த மஞ்சள் குருவி ஒன்று இறந்தபோது அதனைப் புதைத்து மேலே சிலுவை நடவிரும்பினார். குருவி யூதக் குருவி, ஆகவே சிலுவை கூடாது என்று வாயிற்காவலர் மகன் தடுத்தான். அதன்வழியே தம் பிறப்பைப் பற்றிய முதல் அறிவு அவருக்குக் கிடைத்தது. அறுபதைக் கடந்து மதிலுக்குள் அடைபட்டிருந்த காலத்திலும் அந்நிகழ்ச்சியை அவர் நாட்குறிப்பில் நினைவுகூர்ந்தார்.

தந்தையார் மனநோய்க்கு ஆட்பட்டு 1896இல் இறந்தார். குடும்பத்தின் செல்வம் கரைந்தது. பள்ளி மாணவராக இருந்தபோதே பிற வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பொருளீட்ட வேண்டியதாயிற்று. தந்தையின் நோய் தமக்கும் தம் வழியில் பிறக்கும் குழந்தைக்கும் வருமோ என்ற அச்சம் அவரை நெடுநாள் வாட்டியது. மணம் செய்துகொள்ளாமைக்கு இதுவே முதற்காரணமாகக் கொள்ளப்படுகிறது.

1898இல் ஒரு நாடகப் போட்டிக்கு அனுப்பிய படைப்பில், கிராஷெவ்ஸ்கியின் புதினமொன்றின் தலைமைப் பாத்திரப் பெயரைத் தம் புனைபெயராக இட்டுக்கொண்டார். யூதப் பெயரை விட்டுப் பழைய போலந்துப் பிரபுவின் பெயரைச் சூடியது இலக்கிய விளையாட்டு மட்டுமன்று. இரு இனத்துக்கும் உரியவராக வாழ விரும்பிய ஒருவர் வாழ்நாள் முழுதும் இரு பக்கத்தாராலும் ஐயுறப்பட்டதன் தொடக்கம் அது. மருத்துவராகக் கையொப்பமிடும்போது கோல்ட்ஷ்மித், எழுத்தாளராகக் கோர்ச்சாக் என இருபெயராளராகவே அவர் இருந்தார்.

வார்சாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1905இல் பட்டம் பெற்றார். பெற்றவுடன் இரஷ்ய-ஜப்பானியப் போரில் படைமருத்துவராக மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டார். திரும்பியபின் பெர்சோன்-பௌமன் குழந்தைகள் மருத்துவமனையில் 1912 வரை பணிபுரிந்தார். அம்மருத்துவமனை சென்னா, ஸ்லிஸ்கா என்னும் இரு தெருக்களுக்கிடையே அமைந்திருந்தது. முப்பது ஆண்டுக்குப் பின் அவருடைய இல்லம் கடைசியாக ஒதுங்கிய கட்டடமும் அதே இரு தெருக்களுக்கிடையிலேயே இருந்தது.

மருத்துவம் போதாது என்ற எண்ணம் இக்காலத்தில் அவரிடம் வலுத்தது. குணமடைந்த குழந்தை எந்தக் குடிசையிலிருந்து வந்ததோ அங்கேயே திரும்புகிறது. மீண்டும் நோயுற்று வருகிறது. ஏழைக் குழந்தைகளுக்கான கோடைக்கால முகாம்களில் கண்காணிப்பாளராகச் சென்ற பட்டறிவும் சேர்ந்தது. முதல் முகாமில் தாம் எவ்வளவு தோல்வியுற்றார் என்பதை அவர் மறைக்காமல் எழுதியுள்ளார். குழந்தைகளை நோக்கிப் பேசுவதற்கும் குழந்தைகளோடு பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டை அத்தோல்வி கற்பித்தது.

குரோஹ்மால்னா தெரு இல்லம்

1912இல் வார்சாவின் குரோஹ்மால்னா தெருவில் 92ஆம் எண் கட்டடத்தில் யூத ஆதரவற்றோர் இல்லம் திறக்கப்பட்டது. கோர்ச்சாக் அதன் இயக்குநர். நாள்தோறும் அதனை நடத்தியவர் ஸ்தெபானியா வில்ச்சின்ஸ்கா. பெல்ஜியத்தில் இயற்கை அறிவியல் பயின்று திரும்பியவர். நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளின் உணவு, உடை, படிப்பு, காய்ச்சல், சண்டை அனைத்தும் அவர் கையில் இருந்தன. கோர்ச்சாக் போருக்குச் சென்ற ஆண்டுகளிலும் இல்லம் நின்றுவிடாமைக்கு இவரே காரணம். 1938இல் பாலஸ்தீனத்தின் ஐன் ஹரோத் கூட்டுப்பண்ணைக்குக் குடிபெயர்ந்த இவர், 1939இல் வார்சாவுக்குத் திரும்பிவந்தார். தப்பித்துவிட்ட ஒருவர் திரும்பிவந்தது கோர்ச்சாக்கின் மறுப்புக்குச் சற்றும் குறைந்ததன்று. எனினும் கோர்ச்சாக் வரலாறுகளில் இவர் உதவியாளர் என்ற ஒரு சொல்லோடு கடந்துசெல்லப்படுகிறார். இது திருத்தப்பட வேண்டிய குறை.

இல்லத்தின் தனித்தன்மை அதன் ஆட்சிமுறை. குழந்தைகள் நீதிமன்றம் ஒன்று அங்கு இயங்கியது. அந்த வாரத்தில் தம்மீது எவ்வழக்கும் இல்லாத குழந்தைகளிலிருந்து ஐந்து நீதிபதிகள் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எந்தக் குழந்தையும் எவர்மீதும் வழக்குத் தொடுக்கலாம்; பெரியவரும் விலக்கன்று. நீதிமன்றத்திற்குக் கோர்ச்சாக் வகுத்த விதித்தொகுப்பு வியப்புக்குரியது. முதல் தொண்ணூற்றொன்பது விதிகளும் வழக்கைக் கைவிடுதல், மன்னித்தல், அறியாமல் செய்ததென ஏற்றல் முதலியவற்றின் பல்வேறு வகைகள். நூறாம் விதியில்தான் குற்றம் செய்யப்பட்டது என்ற அறிவிப்பு முதன்முறையாக வருகிறது. அதன்பின் நூறு நூறாக ஏறி ஆயிரத்தில் முடிகிறது. ஆயிரமாவது விதி இல்லத்தைவிட்டு நீக்குதல். தண்டனைக்குரிய விதிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மன்னிப்புக்குரியவை நூற்றுக்கு ஒன்று குறைவு.

அரையாண்டுக் காலத்தில் கோர்ச்சாக்கே ஐந்து முறை இந்நீதிமன்றத்தின்முன் நின்றார். ஒரு சிறுவனைக் காதில் அறைந்தமை, ஒருவனைப் படுக்கையறையிலிருந்து வெளியேற்றியமை, ஒருவனை மூலையில் நிறுத்தியமை, நீதிபதியை அவமதித்தமை, ஒரு சிறுமிமீது திருட்டு ஐயம் கொண்டமை ஆகியவை வழக்குகள். இவ்வழக்குகள் தம்மை ஒரு புதிய வகைக் கல்வியாளராக்கின என அவர் கருதினார். குழந்தையை அடிக்காதவர் என்ற புனிதர் படிமத்திற்கு இப்பட்டியல் பொருந்தாது. அடித்தவர், அடித்ததற்காகக் குழந்தைகளின் தீர்ப்புக்குத் தலைவணங்கியவர். முன்னதைவிடப் பின்னதே அரியது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

நீதிமன்றத்தோடு வேறு சிறு ஏற்பாடுகளும் இருந்தன. குழந்தைகளின் கண்ணுக்கெட்டும் உயரத்தில் அறிவிப்புப் பலகை. தவறிய பொருள்களுக்குக் கண்ணாடி அலமாரி: குழந்தை பொறுக்கிவைத்த கூழாங்கல்லும் நூல்துண்டும் அங்கு உடைமையாக மதிக்கப்பட்டன, குப்பையென வீசப்படவில்லை. விழுந்த பால்பற்களைக் கோர்ச்சாக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார். ஓர் அஞ்சற்பெட்டியும் இருந்தது. எதையேனும் கேட்கவோ முறையிடவோ விரும்பும் குழந்தை அதனை எழுதிப் பெட்டியில் இடவேண்டும். எழுதும்போது எண்ணம் தெளியும். மறுமொழிக்குக் காத்திருக்கும்போது சினம் ஆறும். எதைக் கேட்கலாம் எதை விடலாம் என்பது தானே விளங்கும். மடலும் காத்திருத்தலும் குழந்தைக்குக் கற்பிக்கப்பட்ட இந்த இல்லத்தில்தான் பின்னாளில் ஓர் அஞ்சல் நிலைய நாடகம் அரங்கேறியது.

மூன்று உரிமைகள்

முதல் உலகப்போர் அவரை மீண்டும் இரஷ்யப் படையில் சேர்த்தது. போர்க்கள மருத்துவமனைகளில் கிடைத்த இடைவேளைகளில் 'குழந்தையை நேசிப்பது எப்படி' என்னும் நூலை எழுதினார். போர் முடிந்தபின் அது வெளிவந்தது. அக்காலத்தில் கீவ் நகரில் அறிமுகமான மரீனா ஃபால்ஸ்காவுடன் இணைந்து போலந்துத் தொழிலாளர் குழந்தைகளுக்கான எங்கள் இல்லம் என்ற மற்றோர் இல்லத்தையும் 1919இல் உருவாக்கினார். 1920இல் அவருக்கு நச்சுக்காய்ச்சல் கண்டது. பணிவிடை செய்த தாயாருக்கு அந்நோய் தொற்ற, அவர் இறந்தார். அவ்விழப்பைக் கோர்ச்சாக் தம் குற்றமாகவே சுமந்தார்.

மேற்குறித்த நூலில் குழந்தைக்குரிய அடிப்படை உரிமைகள் மூன்றென வகுக்கிறார். இறப்பதற்கான உரிமை, இன்றைய நாளுக்கான உரிமை, தான் எவ்வாறு உள்ளதோ அவ்வாறே இருப்பதற்கான உரிமை. பின்னிரண்டும் எளிதில் விளங்குவன. குழந்தை நாளைய மனிதனாகப் போகும் ஒன்றன்று, இன்றே மனிதர். முதலாவது உரிமை படிப்போரைத் திடுக்கிடச் செய்யும். அதன் கருத்தாவது: இறந்துவிடுமோ என்னும் அச்சத்தால் பெற்றோர் குழந்தையை ஓடவிடாமல், ஏறவிடாமல், சன்னலைத் திறக்கவிடாமல் காக்கின்றனர். சாவு குழந்தையைப் பறித்துவிடும் என்று அஞ்சி, வாழ்விலிருந்து குழந்தையைத் தாமே பறித்துவிடுகின்றனர். குழந்தைகளின் இறப்பு மலிந்திருந்த காலத்தில், இறக்கும் குழந்தைகளை நாள்தோறும் கண்ட மருத்துவர் எழுதியது இது. இறப்பை வேண்டி அவர் எழுதவில்லை. இறப்பச்சத்தின் பெயரால் நிகழும் சிறைப்படுத்தலை மறுத்து எழுதினார். இக்கருத்தை மனத்திற்கொள்ள வேண்டும். மீண்டும் இதற்கு வரநேரும்.

1924இல் உலகச் சங்கம் ஏற்ற ஜெனீவாக் குழந்தை உரிமை அறிவிப்பு அவருக்கு நிறைவளிக்கவில்லை. அதனை வகுத்தோர் கடமையையும் உரிமையையும் குழப்பிக்கொண்டனர் என்றும், அதன் குரல் உரிமைக் குரலாக இல்லாமல் இரங்கற் குரலாக உள்ளதென்றும் 1929இல் வெளிவந்த 'குழந்தையின் மதிப்புப் பெறும் உரிமை' என்னும் சிறுநூலில் கண்டித்தார். போலந்து 1978இல் முன்மொழிந்து, 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் பின்னணியில் இவருடைய சிந்தனை பேசப்படுவது இக்காரணத்தாலேயே.

சிறுவர்க்கான 'முதலாம் மாசியுஷ் அரசன்' அவருடைய புகழ்பெற்ற புதினம். சிறுவயதில் அரசனாகும் மாசியுஷ் குழந்தைகளுக்கு நாடாளுமன்றமும் பச்சைக்கொடியும் வழங்குகிறான், சீர்திருத்தம் தோற்கிறது, பகைவர் கையில் சிக்கித் தலைநகரத் தெருக்கள் வழியே கொலைக்களத்திற்கு நடத்திச் செல்லப்படுகிறான், இறுதியில் தீவுக்கு நாடு கடத்தப்படுகிறான். 1926 அக்டோபரில் அவர் தொடங்கிய 'சிறிய கண்ணோட்டம்' குழந்தைகளே செய்தியாளராக எழுதிய வார இதழ். ஒரு யூத நாளிதழின் வெள்ளிக்கிழமை இணைப்பாக வந்தது. கடைசி இதழ் 1939 செப்டம்பர் 1 அன்று, ஜெர்மானியப் படை போலந்துக்குள் நுழைந்த நாளில் வெளியாயிற்று. வானொலியில் முதிய மருத்துவர் என்ற பெயரில் பேசினார். யூத வெறுப்பு வளர்ந்தபோது 1936இல் அந்நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. எங்கள் இல்லத்துடன் அவருக்கிருந்த தொடர்பும் அதே ஆண்டில் அறுந்தது. பாலஸ்தீனத்துக்கு 1934இலும் 1936இலும் சென்று பார்த்துத் திரும்பினார்.

மதிலுக்குள்

வார்சாவின் யூதர்கள் 1940 அக்டோபரில் நகரின் ஒரு பகுதிக்குள் குடியேறுமாறு ஆணையிடப்பட்டனர். நவம்பரில் அப்பகுதி மதிலெழுப்பி அடைக்கப்பட்டது. கெட்டோ எனப்பட்ட அவ்வடைப்புப் பகுதியின் பரப்பு ஏறத்தாழ 3.4 சதுர கிலோமீட்டர். அதற்குள் நான்கு இலட்சத்திற்கு மேற்பட்டோர். குரோஹ்மால்னா தெரு இல்லம் மதிலுக்கு வெளியே இருந்தமையால் உள்ளே ஹ்வோத்னா தெருவுக்கு மாறவேண்டியதாயிற்று. மாறும்போது குழந்தைகளுக்கான உருளைக்கிழங்கு வண்டி பறிக்கப்பட்டது. அதனைக் கேட்கக் கோர்ச்சாக் போலந்துப் படைச்சீருடையில், யூதர் அணியவேண்டிய கைப்பட்டை அணியாமல், ஜெர்மானிய அதிகாரியிடம் சென்றார். அடியும் பாவியாக் சிறையும் பரிசாகக் கிடைத்தன. ஏறத்தாழ ஒரு மாதத்திற்குப்பின் பழைய மாணவர்கள் பணம் கட்டி மீட்டனர். ஒரு வண்டி உருளைக்கிழங்குக்காக நடந்தது இது. இறுதி நடையைப் பாடுவோர் இந்த நடையைப் பாடுவதில்லை.

மதிலுக்குள் ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட உணவு நாளொன்றுக்கு இருநூறு கலோரிக்கும் குறைவு. 1940க்கும் 1942 நடுப்பகுதிக்கும் இடையில் அங்குப் பசியாலும் நோயாலும் இறந்தோர் ஏறத்தாழ 83,000. மதிலின் துளைகள்வழி வெளியே நுழைந்து உருளைக்கிழங்கும் ரொட்டியும் கொண்டுவந்து குடும்பத்தைக் காத்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்களே. பிடிபட்டால் சாவு.

1941 அக்டோபரில் இல்லம் மறுபடியும் இடம்பெயர்ந்து சென்னா-ஸ்லிஸ்கா தெருக்களுக்கிடையே ஒரு கட்டடத்தில் ஒதுங்கியது. குழந்தைகள் ஏறத்தாழ இருநூறாயினர். கோர்ச்சாக் அறுபதைக் கடந்தவர். கால் வீக்கம், நெஞ்சுவலி. நாள்தோறும் சாக்குப்பையுடன் புறப்பட்டு, வசதியுள்ளோர் வீட்டுவாயிலிலும் உதவிக்குழு அலுவலகங்களிலும் இரந்தும் மன்றாடியும் சண்டையிட்டும் எதையேனும் கொண்டுவந்தார். சனிக்கிழமைதோறும் குழந்தைகளை எடைபார்த்தார். பல்லாண்டாகக் குழந்தைகளின் வளர்ச்சிக் கோடுகளை வரைந்துவந்த மருத்துவர் அவர். இப்போது அந்த எடைத்தராசு வேறொன்றைக் காட்டியது.

1942 தொடக்கத்தில் ஜெல்னா தெரு 39ஆம் எண் காப்பகத்தில் பணி கேட்டு யூத மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். கைவிடப்பட்ட குழந்தைகள் ஆயிரவர் அடைக்கப்பட்டு, நாள்தோறும் இறந்துகொண்டிருந்த இடம் அது. தம் குறைகளையெல்லாம் எள்ளல் நடையில் பட்டியலிட்ட அவ்விண்ணப்பம் பணி கேட்கும் மடல்களில் தனிவகை. இருநூறு குழந்தைகளைக் காப்பதே அரிதாகிவிட்ட ஒருவர் மேலும் ஆயிரவரை ஏன் கேட்டார்? தம் இல்லம் ஒரு தீவாகிவிடக் கூடாது என்ற எண்ணமாகலாம். ஆயினும் அவரால் அங்கு அதிகம் செய்ய இயலவில்லை.

1942 மே மாதம் முதல் ஆகஸ்டு 4 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இக்காலத்துக்கு முதன்மைச் சான்று. அதில் ஒரு காட்சி: நடைபாதையின் குறுக்கே ஒரு சிறுவன் கிடக்கிறான், உயிர் உள்ளதா இல்லையா தெரியவில்லை. அவனருகே மூன்று சிறுவர் குதிரையோட்டி விளையாடுகின்றனர். கடிவாளக் கயிறு சிக்கிக்கொள்கிறது. கிடப்பவனை இடராகவே கருதிச் சற்று நகர்ந்துபோய் விளையாட்டைத் தொடர்கின்றனர். குழந்தையின் இன்றைய நாளுக்கான உரிமையைப் பேசியவர், சாவின் பக்கத்திலும் விளையாடும் குழந்தைகளைக் கண்டு குற்றம் சாட்டவில்லை, குறித்துவைத்தார். இருண்ட பொழுதுகளில், துன்புறும் பச்சிளங் குழந்தைகளையும் முதியோரையும் நோவின்றி இறக்கச் செய்துவிடலாமா என்று எண்ணியதையும், அது கொலையே என்று தெளிந்ததையும் அதே நாட்குறிப்பு மறைக்கவில்லை. புனிதர் வரலாறு எழுதுவோர் இப்பகுதியைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுகின்றனர். அவர் எந்த விளிம்பில் நின்றார் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பகுதி வேறில்லை.

அஞ்சல் நிலையம்

1942 ஜூலை 18, சனிக்கிழமை. இல்லத்துக் குழந்தைகள் இரவீந்திரநாத் தாகூரின் 'அஞ்சல் நிலையம்' நாடகத்தை நடித்தனர். வங்கமொழியில் 'டாக் கர்' எனத் தாகூர் எழுதிய அந்நாடகம் ஆங்கிலம்வழி ஐரோப்பாவெங்கும் பரவியிருந்தது. 1913இல் டப்ளினில் நடிக்கப்பெற்றது. கதை எளியது. நோயுற்ற சிறுவன் அமல் வெளிக்காற்று படக்கூடாதென வைத்தியரால் வீட்டுக்குள் அடைக்கப்படுகிறான். சன்னல் வழியே தயிர்க்காரரையும் காவலரையும் பூக்காரச் சிறுமியையும் கண்டு பேசுகிறான். எதிரே புதிதாக வந்த அஞ்சல் நிலையத்திலிருந்து அரசனின் மடல் தனக்கு வருமென நம்பிக் காத்திருக்கிறான். இறுதியில் அரச வைத்தியர் வந்து கதவு சன்னல்களையெல்லாம் திறக்கச் சொல்கிறார். அமல் உறங்கிவிடுகிறான், அந்த உறக்கம் சாவே என்று கொள்வோர் பலர்.

இந்நாடகத்தை ஏன் தேர்ந்தார்? சாவை அமைதியுடன் ஏற்கக் குழந்தைகளைப் பழக்குவதற்காக என்று அவரே விடையளித்ததாக நினைவுக்குறிப்புகள் சொல்கின்றன. பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கமும் அதுவே. நான்கு நாளில் நாடுகடத்தல் தொடங்கியதால் அவ்விளக்கம் மேலும் வலுப்பெற்றது. இக்கட்டுரையாளர் அதனை மறுக்கவில்லை. ஆனால் அது நாடகத்தின் பிற்பகுதிக்கே பொருந்துவது. நாடகத்தின் பெரும்பகுதி சாவைப் பற்றியதன்று. அடைக்கப்பட்ட சன்னலைப் பற்றியது. உயிரைக் காப்பதாகச் சொல்லிக் குழந்தையை உலகிலிருந்து பிரிக்கும் முதல் வைத்தியரின் மருத்துவத்தைத்தான் கோர்ச்சாக் இரண்டு பதின்மங்களுக்கு முன்பே இறப்பதற்கான உரிமை என்ற தலைப்பில் சாடியிருந்தார். அந்நூலைப் படித்தவர்க்கு அமலின் அறை புதிய இடமன்று. தாகூரும் கோர்ச்சாக்கும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே குழந்தையை எழுதியிருந்தனர்.

பார்வையாளராக அமர்ந்திருந்தோரும் நடித்தோரும் மதிலுக்குள் அடைபட்டவர். அவர்களுக்குச் சன்னலில்லை, தெருவில் தயிர்க்காரர் வருவதில்லை. பல வாரம் உரைபயின்று, உடை தைத்து, மேடை கட்டி, அழைப்பிதழ் அனுப்பி ஒரு மாலைப்பொழுதைக் குழந்தைகள் தமதாக்கிக்கொண்டனர். அழைப்பிதழின் வாசகத்தைக் கவிஞர் விளாதிஸ்லாவ் ஷ்லெங்கல் எழுதினார். நடிப்பைப் பயிற்றுவித்தவர் இல்லத்தில் கோர்ச்சாக்கிற்கு உதவியாக இருந்த எஸ்தெர்கா வினோக்ரோன் என்னும் இளம்பெண். நாடுகடத்தல் தொடங்கிய சில நாள்களில் அவர் பிடித்துச் செல்லப்பட்டார். சாவுக்கான ஒத்திகை என்று அம்மாலையைச் சுருக்கினால், குழந்தைகள் அன்று உண்மையில் பெற்றது என்ன என்பது மறைந்துவிடும். அவர்கள் பெற்றது இன்றைய நாள்.

ஆகஸ்டு

ஜூலை 22 அன்று, கோர்ச்சாக்கின் பிறந்தநாளில், வார்சாவிலிருந்து திரெப்ளிங்காவுக்குப் பெருந்திரள் நாடுகடத்தல் தொடங்கியது. யூத மன்றத் தலைவர் ஆடம் செர்னியாகுவ் ஆதரவற்ற குழந்தைகளுக்கேனும் விலக்குக் கேட்டுக் கிடைக்காமல் மறுநாள் தற்கொலை செய்துகொண்டார். செப்டம்பர் 21க்குள் இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வார்சாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டனர்.

கோர்ச்சாக்கை வெளியேற்ற முயன்றோர் இருந்தனர். அவருடன் பணியாற்றிய போலந்து எழுத்தாளர் இகோர் நெவெர்லி வேறு பெயரில் ஆவணத்துடன் வந்து அழைத்தார். கோர்ச்சாக் இணங்கவில்லை. இம்மறுப்பு நன்கு சான்றுடையது. இறுதி நாள் பற்றிய பிற செய்திகளில் எச்சரிக்கை தேவை. நாள் ஆகஸ்டு 5 எனப் பெரும்பாலோரும் 6 எனச் சிலரும் கூறுவர். குழந்தைகள் 192 என்பாரும் இருநூறு என்பாரும் உளர். நால்வர் நால்வராகச் சென்றனர் என்றும், பாடிக்கொண்டு சென்றனர் என்றும், பச்சைக்கொடி ஏந்திச் சென்றனர் என்றும், அமைதியாகவே சென்றனர் என்றும் நேரில் கண்டோர் நினைவுகள் பலவாறு உள்ளன. அக்கொடி மாசியுஷ் அரசனின் கொடி. தெருவழியே கொலைக்களத்திற்கு நடந்த அப்புதினத்துச் சிறுவனைப் படித்து வளர்ந்த நகரம் வார்சா. கண்டோர் கண்டதோடு படித்ததும் கலந்திருக்கக்கூடும். கோர்ச்சாக்கின் கையால் எழுதப்பட்டவை ஆகஸ்டு 4 உடன் நின்றுவிடுகின்றன. இறுதிப் பதிவில் அவர் காலையில் சன்னலோரம் செடிகளுக்கு நீர் ஊற்றுகிறார். எதிரே துப்பாக்கியுடன் நிற்கும் ஜெர்மானியக் காவலன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் ஊரில் என்ன வேலை செய்தவனோ என்று கோர்ச்சாக் எண்ணிப் பார்க்கிறார். நடையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் விட்டுச் செல்லவில்லை.

ஐயமற்றவை இவை: அவரும், ஸ்தெபானியா வில்ச்சின்ஸ்காவும், பிற பணியாளர்களும், குழந்தைகளும் வெயில் மிகுந்த நாளில் கெட்டோவின் தெருக்கள்வழி உம்ஷ்லாக்பிளாட்ஸ் என்னும் ஏற்றுமிடத்துக்கு நடத்திச் செல்லப்பட்டு, சரக்குப் பெட்டிகளில் ஏற்றப்பட்டனர். வார்சாவுக்கு வடகிழக்கே நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் இருந்தது திரெப்ளிங்கா. அங்குச் சென்றபின் அவர்களைப் பற்றிய சான்று எதுவும் இல்லை.

நாட்குறிப்பு மதிலுக்கு வெளியே கடத்தப்பட்டு, அவர் முன்பு தொடர்பறுந்த எங்கள் இல்லத்தின் சுவருக்குள் ஒளித்துவைக்கப்பட்டுப் போருக்குப்பின் எடுக்கப்பட்டது. 1958இல் அச்சாயிற்று. குரோஹ்மால்னா இல்லத்தில் முப்பது ஆண்டுகளாகத் தொகுக்கப்பட்ட எடைக்கணக்கும் நீதிமன்றப் பதிவுகளும் குழந்தைகள் எழுதிய நாட்குறிப்புகளும் பெரும்பாலும் அழிந்தன.

திரெப்ளிங்காவில் இப்போது கட்டடம் ஏதுமில்லை. நினைவிடமாக ஏறத்தாழ 17,000 கற்கள் நடப்பட்டுள்ளன. சிலவற்றில் ஊர்ப்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன, மற்றவை வெறுங்கற்கள். தனிமனிதர் பெயர் தாங்கிய கல் ஒன்றே. அதில் யானுஷ் கோர்ச்சாக் என்ற பெயரும், அதனடியில் ஹென்றிக் கோல்ட்ஷ்மித் என்ற இயற்பெயரும், அதன்பின் குழந்தைகளும் என்ற சொல்லும் உள்ளன.